பெயர் வைக்கும் கை

(கோவிலம்பாக்கத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரேடியல் சாலை நெரிசலையும், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட மேடவாக்கம் சாலையின் புழுதியையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். ஆகவே முன்னுரை வேண்டாம், கேள்வியோடு தொடங்குகிறேன். அரசாங்கத்திடம் இலவசம் எதுவும் வாங்காதவர்கள் இந்த அறையில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

பாதிக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். மகிழ்ச்சி. கையை இறக்காமல் கேளுங்கள். 2016 மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் பதவியேற்ற கையோடு கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, வீட்டு மின் இணைப்புக்கு முதல் 100 யூனிட் கட்டணம் இல்லை என்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது அந்த நூறு யூனிட் எல்லோருக்கும் கழிகிறது. ஓலைக்கூரை வீட்டுக்கும் உண்டு, மூன்று ஏசி ஓடுகிற அடுக்குமாடி வீட்டுக்கும் உண்டு. வருமானம் கேட்கவில்லை, விண்ணப்பம் கேட்கவில்லை.

இனி கையை இறக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் எதையும் மறைக்கவில்லை. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த நூறு யூனிட்டுக்குப் பை கிடையாது. பையில் படம் கிடையாது. டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது. அரசு தருவதில் ஒருவகை மேளதாளத்தோடு வருகிறது. இன்னொருவகை பில்லுக்குள்ளேயே சத்தமில்லாமல் கழிந்துபோகிறது. நம்முடைய கோபமெல்லாம் முதல்வகை மீதுதான். இந்த வேறுபாட்டை நம் தலைக்குள் போட்டது அரசியல் பேச்சு. அது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

1967-இலிருந்து தொடங்கலாம். தி.மு.க. அந்தத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் இங்கே மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்சிக்கு வந்த அண்ணாவால் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியைத்தான் கொடுக்க முடிந்தது. கேலி பேசியவர்கள் அந்த மீதி இரண்டு படியைப் பல ஆண்டு பேசினார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அந்த முழக்கத்தில் ‘இலவசம்’ இல்லை. ரூபாய் இருந்தது, படி இருந்தது. அரிசி வாங்கப் போனவர் காசு கொடுத்து வாங்குபவராகவே போனார். 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம் என்று வைத்ததும் ஏறக்குறைய இதே தந்திரம்தான். அந்த ஒரு ரூபாய் இட்லியின் அடக்க விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் தட்டை நீட்டுகிற கைக்கு அது பெரிய கவசம். ஆட்டோ ஓட்டுநரும், கடை ஊழியரும், கல்லூரி மாணவரும் அங்கே கூச்சமில்லாமல் நின்று சாப்பிட்டார்கள்.

பள்ளி உணவின் கதை இன்னும் சுவையானது. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சாப்பாடு போட்டுப் பார்த்தது. 1956-இல் காமராசர் அதை மாநிலத்துக்குக் கொண்டுபோனார். ஏழைப் பிள்ளைக்குப் போடுகிற பகல் சோறு என்றுதான் அப்போது அதைப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் நெல்லும் விறகும் நன்கொடையாகக் கேட்டு நடத்தியதால் அதில் தர்மத்தின் வாசனை கொஞ்சம் இருந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது அதற்குச் ‘சத்துணவு’ என்று பெயர். பசிக்குச் சோறு என்பதிலிருந்து உடம்புக்குச் சத்து என்பதற்கு விவாதம் நகர்ந்துவிட்டது. பசி ஏழை வீட்டுச் சங்கதி. சத்து எல்லா வீட்டுக் குழந்தைக்கும் வேண்டியது, மருத்துவர் சொல்வது. வெறும் பெயர் மாற்றத்தில் இத்தனையும் நடந்துவிடவில்லை. பின்னால் முட்டை வந்தது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பல்லாயிரம் பெண்களுக்கு வேலை வந்தது. ஆனாலும் பெயர் முதலில் வந்து நின்று மற்றவற்றுக்கு இடம்பிடித்துக் கொடுத்தது.

அந்தத் திட்டம் தொடங்கியபோது என்னென்ன பேசினார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கஜானா காலி, ஓட்டுக்காகச் சோறு, பள்ளிக்கூடம் சத்திரமாகிவிட்டது என்றெல்லாம் படித்தவர்கள் எழுதினார்கள். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று ஒரு பள்ளியில் சத்துணவு நின்றால்தான் செய்தி. அதை யாரும் இலவசம் என்ற பட்டியலில் சேர்ப்பதில்லை. இருபது வருடத்தில் ஒரு ‘வாக்கு வேட்டை’ அரசின் கடமையாக மாறியிருக்கிறது. இன்று நாம் திட்டிக்கொண்டிருப்பவற்றில் எது இப்படி மாறும், எது மறந்துபோகும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை. வண்ணத் தொலைக்காட்சி மறந்துபோனது என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தொலைக்காட்சி தி.மு.க.வின் 2006 தேர்தல் வாக்குறுதி. அங்கிருந்துதான் ‘இலவசம்’ என்பது தமிழ்நாட்டு அரசியலின் தனிச்சொத்து ஆயிற்று. 2011-இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, ஆடு, மாடு, மடிக்கணினி என்று அடுக்கியது. பதவிக்கு வந்ததும் ஜெயலலிதா அரசு செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படவில்லை. ‘இலவச’ என்ற முன்னொட்டை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு ‘விலையில்லா’ என்று போட்டார்கள். விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி, விலையில்லா கறவை மாடு. அரசு அறிக்கைகளில் இந்தச் சொல் அவருடைய ஆட்சியையும் தாண்டி நிலைத்துவிட்டது. 2021-க்குப் பிறகு தி.மு.க. அமைச்சர்கள் பள்ளிக்கூட மேடையில் கொடுத்ததும் ‘விலையில்லா மிதிவண்டி’தான்.

ஆனால் தெருவில் அது நிலைக்கவில்லை. செய்தித்தாளில் தலைப்பு வைக்கும் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்பதால் அதற்கான காரணங்களில் ஒன்றைச் சொல்ல முடியும். இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பு வைக்க வேண்டும். ‘இலவச பஸ்’ என்றால் அடங்கிவிடும். ‘கட்டணமில்லாப் பேருந்துப் பயணம்’ என்றால் எழுத்தைச் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வரிக்குப் போக வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கொள்கை பேச நேரமில்லை. குட்டைச் சொல் ஜெயித்துவிடும். பொதுமக்கள் கருத்து என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இப்படி அச்சுக் கூடத்து இடநெருக்கடியில் உருவானது.

இந்தக் குட்டைச் சொல்லோடு ஒரு படமும் சேர்ந்துகொள்கிறது. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தில் இலவசமாக வந்த பொருட்களை மக்கள் தீயில் தூக்கிப்போடும் காட்சி வந்தது. அ.தி.மு.க.வினர் தியேட்டர் முன் ரகளை செய்தார்கள், காட்சி வெட்டப்பட்டது. வெட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு அம்மிக்கல்லோடும் ஆட்டுக்கல்லோடும் பெரிய பழக்கமில்லை என்று மட்டும் தோன்றியது. கிரைண்டர் வந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தினமும் எத்தனை நேரம் மிச்சமானது என்று கேட்டிருந்தால் தீ மூட்டும் முன் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

அதே 2018 நவம்பரில் ரேஷன் அரிசிக் கடத்தல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, இலவசங்களால் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், அதனால்தான் வடமாநிலங்களிலிருந்து ஆட்களை அழைக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் கருத்துச் சொன்னது. 2025 பிப்ரவரியில் வீடற்றவர்களுக்கான தங்குமிடம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், இவர்களை ஒட்டுண்ணிகளாக்குகிறோமா என்ற பொருளில் கேட்டார். வழக்கு தங்குமிடத்தைப் பற்றியது. நடைபாதையில் படுத்திருப்பவர் கேட்டது கூரை. இவை தீர்ப்பல்ல, வாய்மொழிக் கருத்துதானே என்பார்கள். தீர்ப்பு சட்டப் புத்தகத்துக்குள் போய்விடும். வாய்மொழிக் கருத்து மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 2013 ஜூலை 5 தீர்ப்பு இப்படி அவசரப்படவில்லை. சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தமிழ்நாட்டின் தொலைக்காட்சி, மிக்சி வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். அதே நேரம் அது தேர்தலின் நேர்மையைப் பாதிக்கும் என்றும் சொல்லி, வழிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் விட்டது. வாக்குறுதி கொடுப்பவர் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும் என்று ஆணையம் நடத்தை விதியில் சேர்த்தது. நல்ல விதி. கட்சிகள் அதை எவ்வளவு மதிக்கின்றன என்பதைத் தேர்தல் அறிக்கைகளைப் படிப்பவர்கள் அறிவார்கள்.

2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர் ‘ரேவடி கலாசாரம்’ என்றார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய். திருவிழாவில் அள்ளிக் கொடுப்பது. எவ்வளவு கச்சிதமான தேர்வு என்று பாருங்கள். வாங்குபவர் ஒரே நொடியில் குழந்தையாகிவிடுகிறார். சாலை வளர்ச்சி, மிட்டாய் வீண். 2024 மே மாதம், பெண்களுக்கு இலவசப் பேருந்து விட்டால் மெட்ரோ ரயிலில் யார் ஏறுவார்கள் என்றும் ஒரு பேட்டியில் கேட்டார். ஆனால் 2018 பிப்ரவரி 24 அன்று சென்னைக்கு வந்து, பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். 2025 செப்டம்பர் 26 அன்று, பீகார் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அங்கே 75 லட்சம் பெண்களுக்குத் தலா 10,000 ரூபாய் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். அதன் பெயரில் ‘வேலைவாய்ப்பு’ இருந்தது. எதிரி கொடுத்தால் மிட்டாய், நாம் கொடுத்தால் அதிகாரமளித்தல். இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை.

இப்போது நம் ஊர்ப் பேருந்துக்கு வருவோம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், மருத்துவமனையில் துடைப்பம் பிடிக்கிற பெண்கள் இவர்களெல்லாம் அந்தப் பேருந்துக்காகத்தான் நிற்கிறார்கள். கூவம் கரையில் இருந்தபோது வேலைக்கு நடந்து போனவர்களை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து போட்டது அரசுதான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். மாநிலத் திட்டக்குழு ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அரசு சொல்லிவருகிறது. திட்டத்துக்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது ஃப்ரீ பஸ், லேடீஸ் பஸ், பிங்க் பஸ்.

2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடி ஒரு நிகழ்ச்சியில் பெண்களைப் பார்த்து, இப்போது பஸ்ஸில் ஓசியில்தானே போகிறீர்கள் என்ற பொருளில் பேசினார். திட்டத்தைப் பெருமையாகச் சொல்ல வந்தவர்தான். வேடிக்கையாகச் சொன்னேன், வருத்தம் தெரிவிக்கிறேன் என்றார் பிறகு. அதற்குள் கோவை அருகே ஒரு மூதாட்டி, எனக்கு ஓசி வேண்டாம், டிக்கெட் கொடு என்று நடத்துநரிடம் காசை நீட்டும் காணொளி பரவியது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஏற்பாடு செய்து எடுத்தது என்று வழக்கும் பதிவானது. ஏற்பாடோ இல்லையோ, அந்தக் காணொளி ஏன் அத்தனை வேகமாகப் பரவியது? பார்த்தவர்களுக்கு அது சுருக்கென்று புரிந்தது, அதனால்தான். அதற்கு முன்பே சில நடத்துநர்கள் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்க இருந்தது. அமைச்சர் வாயில் தவறி வந்த வார்த்தை, நடத்துநரின் பார்வையில் ஏற்கெனவே இருந்தது.

எனக்கு இதில் படுகிற விஷயம் ஒன்று. ஒரு கட்சி மேடையிலும் சுவரொட்டியிலும் கண்ணியமான பெயரை வைக்கலாம். ஆனால் அதே கட்சி வீட்டுக்குப் போகிற பையில் தலைவர் படத்தை அச்சடித்து, மடிக்கணினியில் ஸ்டிக்கர் ஒட்டி, பொங்கலுக்குக் கொடுப்பதற்குப் ‘பரிசு’ என்று பெயரிட்டு, மாவட்டச் செயலாளர் கையால் டோக்கன் கொடுக்க வைத்தால், பெயர் சொல்வது ஒன்றும் கை சொல்வது ஒன்றுமாகிவிடும். ஐம்பது வருடமாக இரு திராவிடக் கட்சிகளும் கொடுக்கிற கையைப் பெரிதாக்கிக் காட்டின. நிமிர்ந்து வாங்கச் சொன்னது பெயரில் மட்டும்தான். ஓசி என்ற சொல் எங்கிருந்தோ வந்து விழவில்லை.

சரி, இதே பேருந்து போகிற சாலைக்கு மேலே எழும்புகிற தூண்களைப் பாருங்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்ட மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். எல்லோர் பணமும் அதில் இருக்கிறது, நாளை அதில் ஏறி ஓ.எம்.ஆர். போகிறவர் டிக்கெட்டில் அது முழுதாக வசூலாகப் போவதில்லை. எனக்கு மெட்ரோ வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ‘உட்கட்டமைப்பு’ என்று பெயர். பஸ்ஸில் ஏறுகிற பெண்ணுக்குத் தருவதற்கு ‘மானியச் சுமை’ என்று பெயர்.

இங்கே வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் பலர் இருப்பீர்கள். பழைய வரிமுறையில் வருமான வரிச் சட்டம், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு அதில் மிச்சம் 60,000 ரூபாய். மாதம் 5,000. தமிழ்நாட்டின் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைப் போல ஐந்து மடங்கு. அது என் பணம், நான் சம்பாதித்தது, அரசு எனக்குக் கொடுக்கவில்லை, எடுக்காமல் விட்டது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், உணர்வில் அது வேறு. கஜானாவில் அது ஒன்றுதான். 2006-07 முதல் மத்திய பட்ஜெட்டே இந்தச் சலுகைகளைக் கூட்டி ‘கைவிட்ட வருவாய்’ என்று ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்தத் தலைப்பு உறுத்தியதோ என்னவோ, பின்னாளில் ‘வரி ஊக்கங்களின் வருவாய்த் தாக்கம்’ என்று மாற்றினார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது அரசே சொன்ன இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. அன்றைய பத்திரிகைகளில் அதற்குச் ‘சீர்திருத்தம்’ என்று பெயர், பங்குச் சந்தையில் கொண்டாட்டம்.

‘என் வரிப்பணத்தில்’ என்ற பேச்சையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன். நீங்கள் கட்டும் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகுப்பில் தமிழ்நாட்டுக்கு 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். மாநிலம் பெரும்பாலும் நம்பியிருப்பது ஜி.எஸ்.டி., பெட்ரோல், பத்திரப்பதிவு, அப்புறம் டாஸ்மாக். 2023-24-இல் டாஸ்மாக்கிலிருந்து அரசுக்கு வந்தது 45,855 கோடி. அதற்கடுத்த ஆண்டு உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. மனைவிக்கு மாதம் ஆயிரம் கொடுப்பதற்கான பணத்தைக் கணவர் முன்கூட்டியே கட்டிவிடுகிறார் என்று கிண்டலாகச் சொல்லலாம். கிண்டல் முழுக்கப் பொய்யில்லை.

பெயர் மாறினால் கருத்து மாறுமா, இல்லை இதெல்லாம் நம் கற்பனையா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே ‘பொதுச் சமூக ஆய்வு’ என்று ஒன்று பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1980-களின் நடுவிலிருந்து, ஒரு பாதிப் பேரிடம் ‘வெல்ஃபேர்’ திட்டத்துக்கு அரசு போதுமான அளவு செலவிடுகிறதா என்று கேட்டார்கள். மறுபாதியிடம் ‘ஏழைகளுக்கான உதவி’க்குப் போதுமான அளவு செலவிடுகிறதா என்று கேட்டார்கள். செலவு போதாது என்றவர்கள் முதல் கூட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர். இரண்டாவது கூட்டத்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல். பணம் அதே பணம். ‘வெல்ஃபேர்’ என்ற வார்த்தைமேல் அதற்குள் சேறு ஏறியிருந்தது. 1976-இல் ரீகன் ஊர் ஊராகப் போய், பல பெயர்களில் உதவித்தொகை வாங்கிச் சொகுசாக வாழும் ஒரு சிகாகோப் பெண்ணின் கதையைச் சொன்னார். அப்படி ஏமாற்றிய ஒருத்தி உண்மையில் இருந்தாள். ஆனால் கேட்டவர்கள் மனதில் உதவி வாங்கும் கறுப்பினத் தாய்மார் அனைவருக்கும் அந்த முகம் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் ‘கார்ல வந்து ரேஷன் வாங்குறான்’ கதையும் இந்த ரகம். அப்படி ஒருவர் இருப்பார். அவரை வைத்து இரண்டு கோடிக் கார்டுகளை அளப்பார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது, யாரும் அதைச் சோதனை என்று அழைக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை, நாராயணபுரம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று இந்தச் சதுப்பு நிலச் சுற்றுவட்டாரம் பட்டபாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மற்றும் சுற்றுப் பகுதிகளுக்கு அரசு 6,000 ரூபாய் அறிவித்தது, ரேஷன் கடை வழியாக, டோக்கன் முறையில். சர்க்கரை கார்டுக்காரர்களும் வருமான வரி கட்டுபவர்களும் பாதிப்பை எழுதி வங்கிக் கணக்கு எண்ணோடு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வந்தன. ரேஷன் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் அன்று அங்கே போய் நின்றார்கள். வெட்கம் இல்லை, இருக்கவும் கூடாது. தரைத்தளத்தில் கார் மூழ்கியிருந்தது. அதற்குப் பெயர் ‘நிவாரணம்’. நிவாரணம் என்றால் தவறு என்மேல் இல்லை, இயற்கைமேல், இல்லையென்றால் ஏரியை மூடியவன்மேல். வாங்குபவர் பாதிக்கப்பட்டவர், சோம்பேறி அல்ல. மழை ஒரே நாளில் செய்ததை, கூலி இல்லாத மாதங்கள் வருடம் முழுக்கச் செய்கிற வீட்டுக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் கிடைப்பதில்லை?

இனி ‘உரிமை’. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மற்ற மாநிலங்கள் இதே பணத்துக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். வங்காளத்தில் லட்சுமியின் பண்டாரம், கர்நாடகத்தில் கிரகலட்சுமி, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் செல்லத் தங்கை. முதலமைச்சர் அண்ணனாகிறார், பெண் தங்கையாகிறாள் அல்லது லட்சுமியாகிறாள். தமிழ்நாடு மட்டும் உரிமை என்றது. பெண்கள் வீட்டில் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னது. பெயருக்காக நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

அப்புறம் உட்கார்ந்து நிபந்தனைகளைப் படித்தேன். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு என்று சொன்னது, 2023 பட்ஜெட்டில் ‘தகுதிவாய்ந்த’ குடும்பத் தலைவிகளுக்கு என்று ஆனது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது என்று பட்டியல். பணம் அளவானது, வரம்பு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் உழைப்புக்கான அங்கீகாரம் என்றால் கார் வைத்திருப்பவர் வீட்டில் சமைப்பது உழைப்பில்லையா? உரிமை என்ற சொல்லும் தகுதி என்ற சொல்லும் ஒரே படிவத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள், 1.06 கோடிப் பேருக்குக் கிடைத்தது. மீதிப் பேருக்குக் காரணம் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது.

அந்த மேல்முறையீட்டை எல்லோரும் சாதாரணமாகக் கடந்துவிட்டார்கள். என் கணக்கில் பெயரைவிட அதுதான் பெரிய விஷயம். பரிசு கிடைக்காதவர் முறையிட முடியாது, முனகத்தான் முடியும். இங்கே எனக்கு ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்க ஒரு மேசை இருந்தது. லட்சக்கணக்கான பெண்கள் கேட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். உரிமை என்று அரசு எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் இந்த உரிமை அரசாணையில் நிற்கிறது. அரசாணையை அரசாணையால் மாற்றலாம். அம்மா ஸ்கூட்டர் ஆட்சி மாறியதும் நின்றது. திருமண உதவியான தாலிக்குத் தங்கம் 2022-இல் மாணவிகளின் மேற்படிப்புக்கான புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது. அந்த மாற்றம் நல்லதென்றே நினைக்கிறேன், இருந்தாலும் தங்கத்துக்குக் காத்திருந்த வீட்டுக்குக் கேட்க இடமில்லை. மறுபக்கம், சட்டம் போட்டுத் தந்த உரிமைகள் இரண்டு நம்மிடம் இருந்தன. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவருக்குத் தானியம் தராவிட்டால் அதற்குப் பதில் படித்தொகை தர வேண்டும். 2005 வேலை உறுதிச் சட்டத்தில் கேட்டு 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டியிருந்தது. சட்டப்படி அசல் உரிமை அதுதான். அதை நாம் என்னவென்று அழைத்தோம்? நூறு நாள் வேலை. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிற வேலை என்று அலுவலகத்துக் கேன்டீனில் உட்கார்ந்து கதை பேசினோம். பெயரில் உரிமை உள்ளது சட்டத்தில் இல்லை. சட்டத்தில் உரிமையாக இருந்ததற்கு நாம் வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. காந்தியின் பெயர் போனது, நூறு நாள் 125 ஆனது. தொலைக்காட்சி விவாதங்கள் பெரும்பகுதி காந்தி பெயரைச் சுற்றியே ஓடின. அதற்கான வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் படிக்க வேண்டிய பிரிவுகள் வேறு. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இப்போது பெரும்பாலான மாநிலங்களுக்கு 60-க்கு 40. முன்பு எத்தனை பேர் வேலை கேட்கிறார்களோ அதற்கேற்பப் பணம். இப்போது மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று டெல்லி வரையறுக்கும் ஒதுக்கீடு, தாண்டினால் மாநிலத்தின் பாடு. தலைப்பில் ‘உத்தரவாதம்’ என்ற சொல் பத்திரமாக இருக்கிறது. நாள் கூடியிருக்கிறது என்று மேடையில் சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. கேட்டால் கிடைக்கும் என்பது ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் கிடைக்கும் என்று மாறியது எந்த மேடையிலும் முழக்கமாக வராது. அது பிரிவு எண்ணுக்குள் இருக்கிறது.

பேச வேண்டியது இவ்வளவுதான். முதலில் கை தூக்காமல் இருந்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கலாம்.